மரத்து மேல ஒரு வாழ்க்கை: ஜிம் கார்பெட்டும் அவர் ஏறி உட்கார்ந்த பரண்களும்

1952 பிப்ரவரி 5, இரவு. கென்யாவின் நியேரி ஊரை ஒட்டிய காடு. ஒரு பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய மரவீடு. மேலே போக 30 அடி ஏணி. அந்த ஏணியின் உச்சியில் 76 வயது முதியவர் ஒருவர் விடியும்வரை காவல் உட்கார்ந்திருந்தார். உள்ளே தங்கியிருந்தது பிரிட்டன் இளவரசி எலிசபெத்தும் அவர் கணவர் பிலிப்பும்.

அரண்மனைக் காவலர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவர் எதற்கு? சிறுத்தைக்கு மரம் ஏறத் தெரியும், ஏணியும் ஏறும். மரத்தின் மேல் உட்கார்ந்து சிறுத்தையின் காலடிச் சத்தத்தை இருட்டில் கேட்கத் தெரிந்தவர் அன்றைய உலகில் அவரைவிட வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் பெயர் ஜிம் கார்பெட்.

உத்தராகண்டில் இருக்கும் கார்பெட் தேசியப் பூங்காவை நமக்குத் தெரியும். சஃபாரி போனவர்கள் இன்ஸ்டாவில் போட்ட புலிப் படங்களையும் பார்த்திருப்போம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு வேட்டைக்காரர் என்பதும் பலருக்குத் தெரியும். ஒரு வேட்டைக்காரர் பெயரை ஏன் புலிகள் காப்பகத்துக்கு வைத்தார்கள் என்ற இடத்தில்தான் குழப்பம் வரும். அதற்குப் பதில் தேட, அவர் வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கிய ஒரு பொருளைப் பார்க்கலாம். அது பரண்.

மச்சான் என்றால் மாமன் மகன் இல்லை

வட இந்தியக் காட்டில் இதற்கு மச்சான் என்று பெயர். நம் காதில் விழுந்ததும் சிரிப்பு வரும். ஆனால் நாம் கட்டிலுக்குச் சொல்லும் மஞ்சம் என்ற சொல்லும் இந்த மச்சானும் ஒரே வேரில் இருந்து வந்தவை. தமிழில் இது பரண். தினைப்புனத்தில் வள்ளி ஏறி நின்று கிளி விரட்டினாளே, அதே பரண்தான். யானையும் பன்றியும் வரும் மலையோரக் கிராமங்களில் இன்றும் ராத்திரிக் காவலுக்குப் பரண் கட்டுகிறார்கள். விவசாயி கட்டினால் பயிரைக் காக்க. வேட்டைக்காரர் கட்டினால் சுட.

வேட்டைப் பரண் கட்டுவது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். முதலில் மரம். பட்டுப்போன கிளை இல்லாத, நல்ல கவை உள்ள உயிர் மரமாக இருக்க வேண்டும். ஒல்லியான மரம் என்றால் காற்றுக்கு ஆடும். ஆடும் பரணிலிருந்து குறி வைக்க முடியாது. கவைகளுக்குக் குறுக்கே இரண்டு கனமான கம்புகள், அவற்றின் மேல் குறுக்குக் கழிகள். அவசரத்துக்கு ஊரில் இருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து அப்படியே கிளைகளுக்கு நடுவே கட்டிவிடுவதும் உண்டு.

ஆணி அடிக்க மாட்டார்கள். சுத்தியல் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மரம் அசையும்போது ஆணி மெல்ல மெல்லத் தளரும். கயிறு அப்படியில்லை, மரத்தோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். ஆனால் கம்பும் கம்பும் உரசும் இடத்தில் கிறீச் என்று ஒரு சத்தம் வந்தாலும் போச்சு. அதனால் அங்கே துணியோ புல்லோ வைத்துச் சுற்றுவார்கள். மறைப்புக்கு இலைத் தழை வேண்டும், அதைப் பக்கத்திலேயே வெட்டக் கூடாது. காட்டில் ஒரு கிளை புதிதாக வெட்டுப்பட்டிருந்தால் அங்கேயே வாழும் விலங்குக்குத் தெரியாமல் போகாது. மறுநாளே தழை வாடி நிறம் மாறும், அதை மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன நாடகம். வேட்டைக்காரர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, கூட வந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே ஊர் நோக்கி நடப்பார்கள். புதருக்குள் படுத்து கவனித்துக்கொண்டிருக்கும் புலி, ஆட்கள் போய்விட்டார்கள் என்று நம்ப வேண்டும். அதற்குப் பிறகு இருமல் கூடாது, பீடி கூடாது, கால் மரத்துப் போனாலும் நீட்டக் கூடாது. குளிரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்.

இதில் பாதியைச் சொல்லித்தர ஆள் இல்லாமலே கற்றுக்கொண்ட சிறுவன்தான் கார்பெட்.

ஒட்டுப்போட்ட துப்பாக்கி

பிறந்தது 1875 ஜூலை 25, நைனிடாலில். அப்பா கிறிஸ்டோபர் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வெள்ளைக்காரக் குடும்பம்தான், ஆனால் ஆளும் வர்க்கத்தின் மேல்தட்டு இல்லை. பெரிய குடும்பம், சின்ன வருமானம். ஜிம்முக்கு 6 வயது நடக்கும்போது அப்பா இறந்துவிட, அம்மா மேரி ஜேன் தனியாகக் குடும்பத்தைத் தாங்கினார்.

கோடைக்கு நைனிடால் மலை, குளிர்காலத்துக்கு அடிவாரத்தில் காலாதுங்கி. அந்தக் காலாதுங்கிக் காடுதான் பையனுக்குப் பள்ளிக்கூடம். முதலில் கவண், பிறகு வில், அப்புறம் ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வாய் வழியாக மருந்து இடிக்கிற ரகம். ஒரு குழல் பிளந்து போய், மொத்தமும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு குண்டுதான் கிடைக்கும், அது தவறினால் மறுபடி நிரப்ப நேரம் ஆகும் என்பதால் கண்ணும் காதும் கூர்மையாயின. லங்கூர் குரங்கு ஒரு விதமாகக் கத்தினால் சிறுத்தை, கடமான் கூவினால் புலி நகர்கிறது, மயில் எந்தத் திசையில் பதறுகிறது என்று சத்தங்களைக் கோத்து, கண்ணுக்குத் தெரியாத விலங்கு காட்டில் எந்தப் பக்கம் நடக்கிறது என்று மனதுக்குள் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். பின்னாளில் பரணில் அவரைக் காப்பாற்றியது துப்பாக்கியைவிட இந்தக் காதுதான்.

பதின்ம வயது முடியும் முன்பே ரயில்வே வேலை. வங்காள – வடமேற்கு ரயில்வேயில் விறகு கணக்கு பார்க்கும் வேலையில் தொடங்கி, பீகாரில் கங்கைக் கரையில் மொகாமே படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரானார். 20 வருடத்துக்கும் மேல் அங்கேதான். கூலித் தொழிலாளர்களோடு நின்று தானும் மூட்டையும் நிலக்கரியும் சுமந்தவர். அவர் முழுநேர வேட்டைக்காரர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் லீவு போட்டுத்தான் புலிக்குப் போனார்!

436 உயிர்கள், உடைந்த பற்கள்

1907-ல் முதல் ஆட்கொல்லி. சம்பாவத் பெண் புலி. நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இதைப் பரணில் உட்கார்ந்து பிடிக்கவில்லை. சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்களை மலைமுகட்டில் வரிசையாக நிறுத்தி, பறையும் தகரமும் தட்டிக் கலைத்து, தரையில் நின்று சுட்டார். அதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹிவெட் ஒரு ரிக்பி துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த பல ஆண்டுகள் கார்பெட்டின் கையில் இருந்தது அதுதான்.

செத்துக் கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வலது பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றைக்கோ யாரோ சுட்ட குண்டு. மான் கழுத்தைக் கவ்வ முடியாத புலி, கவ்வ எளிதான இரையைத் தேடியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஏனென்றால் பரணின் இன்னொரு முகம் இங்கே இருக்கிறது. அந்தக் காலத்து அதிகாரிகளும் ராஜாக்களும் பரணில் ஏறி, மங்கலான வெளிச்சத்தில், அசையும் நிழலைப் பார்த்துச் சுட்டார்கள். சரியாகப் பட்டால் சுவரில் தோல். பாதி பட்டால்? இருட்டில் இறங்கிப் போய் காயம்பட்ட விலங்கைத் தேட யாருக்குத் தைரியம்? காலையில் ரத்தத் துளிகளைக் கொஞ்ச தூரம் தொடர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சுட்டவர் வீடு திரும்பிவிட்டார். காயம் ஆறாத புலி அந்தக் கிராமத்திலேயே தங்கிவிட்டது. ஆட்கொல்லிகள் பல இப்படிக் காயத்தாலும், முள்ளம்பன்றி முள் தைத்த புண்ணாலும், முதுமையாலும்தான் உருவாகின்றன என்று கார்பெட் திரும்பத் திரும்பச் சொன்னார். புலி பிறவியிலேயே கொடூரமானது என்று ஊரே நம்பிய காலத்தில் இது பெரிய மாற்றுக் கருத்து.

முள்வேலி கட்டிய மரம்

1910-ல் பனார் சிறுத்தை. இதன் கணக்கில் 400 பேர். புலி பெரும்பாலும் மரம் ஏறாது, சிறுத்தை ஏறும். அப்படியென்றால் பரண் என்பது பாதுகாப்பான இடம் இல்லை, பரிமாறி வைத்த தட்டு! அதனால் கார்பெட் ஒரு வேலை செய்தார். உட்காரும் ஓக் மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி, நீளமான முட்கிளைகளைக் கத்தையாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார். இருட்டில் குறி தெரிவதற்காகத் துப்பாக்கிக் குழலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டார். கீழே ஓர் ஆடு கட்டியிருந்தது.

சிறுத்தை வந்தது. ஆட்டைச் சட்டை செய்யவில்லை. மரத்தடிக்கு வந்து, முட்கிளைகளின் முனையைப் பல்லால் கவ்வி இழுக்க ஆரம்பித்தது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, மரம் குலுங்குவது மட்டும் தெரியும். அன்று அவர் உயிருக்கும் அந்தச் சிறுத்தைக்கும் நடுவே இருந்தது ஒரு கயிற்று முடிச்சு. ஒரு பரண் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லாது. முடிச்சு தாங்கியது. சலித்துப்போன சிறுத்தை கடைசியில் ஆட்டின் பக்கம் திரும்பியபோது, நிழலைப் பார்த்துச் சுட்டார். காயம் பட்டது, சாகவில்லை.

வேறொருவராக இருந்தால் விடியும்வரை மேலேயே இருந்திருப்பார். கார்பெட் இறங்கினார். பந்தம் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்களும் கூட வந்தார்கள். சிறுத்தை நேராகப் பாய்ந்தபோது எல்லோரும் திரும்பி ஓட, ஒருவர் கையிலிருந்து விழுந்த பந்தத்தின் வெளிச்சத்தில்தான் கடைசிக் குண்டு போனது. காயப்படுத்தியதைக் காட்டில் விட்டு வரக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. ஆட்கொல்லியின் பிறப்புக் கதை தெரிந்தவருக்கு வேறு வழியும் இல்லை.

ருத்ரபிரயாகையின் மாமரம்

கேதார்நாத், பத்ரிநாத் போய் வந்தவர்களுக்கு ருத்ரபிரயாகை தெரிந்திருக்கும். மந்தாகினியும் அலக்நந்தாவும் கூடும் இடம். 1918 தொடங்கி 8 வருடம் அந்த யாத்திரைப் பாதையில் ஒரே ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. 1918 என்ற ஆண்டு தற்செயல் இல்லை. இன்ஃபுளூயன்ஸா கொள்ளை நோயில் மலைக் கிராமங்களில் கொத்துக் கொத்தாகச் சாவு. எரிக்க விறகும் இல்லை, ஆளும் இல்லை. வாயில் ஒரு கங்கு மட்டும் வைத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டார்கள். சிறுத்தைக்கு மனித மாமிசம் பழகியது அங்கேதான் என்பது கார்பெட்டின் கணிப்பு.

சூரியன் மறைந்தால் ஊரடங்கு. அரசு போட்டது இல்லை, பயம் போட்டது. கதவைச் சாத்தினால் மறுநாள் காலைதான் திறப்பார்கள். அவசரத்துக்குக்கூட வெளியே போக முடியாது.

1925-ல் கார்பெட் அங்கே போனார். அலக்நந்தாவை நீந்திக் கடப்பது சிறுத்தைக்கும் கஷ்டம், பாலம் வழியாகத்தான் போக வேண்டும். எனவே ஒரு பாலத்தை முட்செடி போட்டு ராத்திரியில் அடைக்கச் சொல்லிவிட்டு, ருத்ரபிரயாகைத் தொங்குபாலத்தின் கோபுர உச்சியில் போய் உட்கார்ந்தார். கூரை இல்லை, பிடிமானம் இல்லை, ஆற்றுக் காற்று ஆளைத் தள்ளுகிறது. இப்படி 20 இரவுகள். அந்த 20 இரவில் பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு நரி!

இன்னொரு இரவு, மரத்தைச் சுற்றி அடுக்கிய வைக்கோல் போரில் ஏறிப் பதுங்கியிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு நேர் கீழே வைக்கோல் சரசரத்தது. மழைக்கு ஒதுங்க வந்த சிறுத்தை, வேட்டைக்காரர் உட்கார்ந்திருந்த அதே போருக்கு அடியில் நின்றது. மேலே இருப்பவரால் திரும்பவும் முடியாது, சுடவும் முடியாது. விஷம் வைத்துப் பார்த்தார், பொறி வைத்துப் பார்த்தார், எதுவும் சரிப்படவில்லை. தோற்றுப்போய் ஊர் திரும்பினார்.

1926 வசந்தத்தில் மறுபடி வந்தார். கோலாப்ராய் என்ற இடத்தில் யாத்ரீகர்கள் தங்கும் கொட்டகை ஒன்று. அதை நடத்திய பண்டிதரின் கழுத்தில் அந்தச் சிறுத்தையின் பல் பட்ட தழும்பு இருந்தது; பிழைத்த மிகச் சிலரில் ஒருவர். கொட்டகைக்குப் பக்கத்தில் பாதையோரம் ஒரு மாமரம். கார்பெட் கடைசிப் பரணை அதில் கட்டினார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. பத்து இரவுகள் எதுவும் வரவில்லை. அதற்கு மேல் தங்க முடியாத நிலை, கையில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இரவு.

மே மாதத்தின் முதல் இரவு அது. மணி பதறி ஒலித்தது. துப்பாக்கியில் பொருத்திய டார்ச்சை அழுத்தினார், வெளிச்சத்தில் தெரிந்த தோளைக் குறி வைத்துச் சுட்டார். டார்ச் மங்கி அணைந்தது. பட்டதா இல்லையா என்றே தெரியாமல் மிச்ச இரவு முழுக்கப் பரணிலேயே காத்திருந்தார். விடிந்து இறங்கிப் பார்த்தால், சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தில் தலையைச் சாய்த்துக் கிடந்தது ஒரு கிழட்டுச் சிறுத்தை. இவ்வளவு காலம் மலையே பேயென்று நம்பியது இந்த நரைத்த விலங்கைத்தான். அதைப் பார்த்தபோது வெற்றி மனநிலையைவிட இரக்கமே அவரிடம் மிஞ்சியது என்பது அவர் எழுதியதில் இருந்து புரிகிறது.

காசு வாங்காத வேட்டை, பதக்கம் வாங்கிய வேட்டை

ஆட்கொல்லியைக் கொல்ல அரசு பரிசுத்தொகை அறிவித்திருந்தால், முதலில் அதை ரத்து செய்யச் சொல்வார். மற்ற வேட்டைக்காரர்கள் யாரும் காட்டில் இருக்கக் கூடாது என்பார். பணத்துக்காகச் சுட்டவர் என்ற பெயரும் வேண்டாம், இன்னொருவர் குண்டுக்குத் தானே பலியாகவும் வேண்டாம் என்ற கணக்கு.

அதற்காக அவரைப் புனிதராக்கிவிடவும் முடியாது. 1930-ல் பவல்கரின் பிரம்மச்சாரி என்று பெயர் பெற்ற பிரமாண்டமான ஆண் புலியைச் சுட்டார். அது யாரையும் தொட்டதில்லை. அளவில் பெரியது, அவ்வளவுதான். வைஸ்ராய் லின்லித்கோ நண்பராக இருந்தார். அவர் குடும்பத்துக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்ததும் கார்பெட்தான். புலி அழிகிறது என்று பள்ளிகளில் பேசிக்கொண்டே, வைஸ்ராயைப் பரணில் ஏற்றியும் விட்டார். இந்த முரண்பாட்டை அவர் ரசிகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் செல்வாக்கு இல்லாமல் அடுத்த விஷயம் அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது: 1936-ல் ஆளுநர் ஹெய்லி பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தபோது, அதன் பின்னால் நின்றவர்களில் கார்பெட்டும் ஒருவர்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920-களிலேயே காட்டுப் புலிகளை இரவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து கார்பெட்டுக்கும் கேமரா ஆசை வந்தது. 16 எம்.எம். சினிமா கேமரா வாங்கினார். துப்பாக்கிக்கு இல்லாத ஒரு பிரச்னை கேமராவுக்கு உண்டு, ஓடும்போது கரகரவென்று சத்தம் போடும். புலி முதல் நொடியிலேயே கிளம்பிவிடும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? காட்டு ஓடையில் சின்னச் சின்னத் தடுப்பணைகள் கட்டினார். தண்ணீர் விழும் சத்தத்தில் கேமரா சத்தம் அமுங்கிப் போனது. மாதக்கணக்கில் காத்திருந்து, ஓடைக்கு வந்த 7 புலிகளைப் பகலில் படம் பிடித்தார். பரண் கட்டும்போது கற்ற பொறுமையும் மறைப்பு வேலையும் இங்கேதான் முழுசாகப் பயன்பட்டன. சுடுபவருக்குப் புலியை ஒரு நொடி பார்த்தால் போதும். படம் எடுப்பவருக்கு அது நின்று, குடித்து, படுத்து, எழுந்து போகும்வரை வேண்டும்.

ஆட்கொல்லி வேட்டையை அவர் 1938-ல் தாக் கிராமத்துப் பெண் புலியோடு முடித்துக்கொண்டார். அப்போது வயது 63. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுக்குப் போகும் வீரர்களுக்குக் காட்டில் உயிர் பிழைக்கப் பயிற்சி கொடுத்தார். 1944-ல் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவருடைய முதல் பெரிய புத்தகம் பம்பாயில் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வந்து, உலகம் முழுக்க விற்றது.

கடைசிப் பரண்

காலாதுங்கியில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை அவர் வாங்கி, காட்டுப்பன்றி பயிரில் இறங்காமல் இருக்கச் சுற்றிலும் கல் சுவர் எழுப்பிக் கொடுத்திருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1947 வந்தது. சுதந்திர இந்தியாவில் தங்களுக்கு இடம் இருக்குமா என்ற பயம் அவருக்கும் அக்கா மேகிக்கும். கல்யாணம் செய்துகொள்ளாத இருவரும் வாழ்நாள் முழுக்க ஒன்றாகவே இருந்தவர்கள். நிலத்தைக் குத்தகைக்காரர்களிடமே விட்டுவிட்டு, நைனிடால் வீட்டை விற்று, அந்த வருடக் கடைசியில் கென்யாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தப் பயம் தேவையில்லாதது என்று இன்று சொல்வது சுலபம். அந்தக் கிராமத்துக்காரர்களில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. 72 வயதில், பிறந்த நாட்டை விட்டு, மொழி தெரியாத ஊரில் குடியேறினார்.

நியேரியில் அவர்கள் தங்கிய பாக்ஸ்டு என்ற குடில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்காகக் கட்டியது. அருகில் இருந்த மரவீடுதான் ட்ரீடாப்ஸ். 1932-ல் எரிக் வாக்கர் என்பவர் அத்தி மரத்தின் மேல் கட்டியது. வேட்டைப் பரணைப் போலவே, நீர்நிலைக்கு நேர் எதிரே. ஒரே வித்தியாசம், இங்கே ஏறுபவர்கள் துப்பாக்கியை நீட்டுவதில்லை. யானையும் காண்டாமிருகமும் கீழே வந்து தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பார்கள், கட்டணம் கொடுத்து.

1952 பிப்ரவரி 5 மதியம் இளவரசி வந்தபோது யானைக் கூட்டம் மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. எலிசபெத் நடந்து வந்து ஏணி ஏறி, உடனே சினிமா கேமராவைக் கையில் எடுத்தார். மாலை முழுக்க விலங்குகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், கார்பெட் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தூங்கப் போன பிறகு அவர் ஏணி உச்சிக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்த இரவில்தான் லண்டனுக்கு வடக்கே சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்தார். மரத்தில் ஏறியபோது இளவரசி, இறங்கியபோது ராணி. ஆனால் இறங்கும்போது அவருக்கே அது தெரியாது, கார்பெட்டுக்கும் தெரியாது. செய்தி அங்கிருந்து கிளம்பிப் போன பிறகுதான் எட்டியது.

இரண்டே வருடம். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சி உச்சத்தில் இருந்த 1954-ல் ட்ரீடாப்ஸை எரித்துவிட்டார்கள். நிலம் பறிபோன கிகுயூ மக்களுக்கு அந்த மரவீடு வெள்ளைக்காரர்களின் சொகுசு அடையாளம். ஓர் ஆட்சி முடிவதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், வந்த இடத்திலும் அதையே பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஓர் இரவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி முடித்தார். அது அச்சாகி வந்தபோது அவர் இல்லை. 1955 ஏப்ரல் 19-ல் மாரடைப்பில் இறந்தார். நியேரியில் செயின்ட் பீட்டர் தேவாலய மயானத்தில் அடக்கம். அதே மயானத்தில்தான் பேடன் பவலும் இருக்கிறார்.

ஹெய்லி பூங்காவுக்கு 1950-களிலேயே கார்பெட் பெயர் வைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அந்தப் பூங்காவில்தான். துப்பாக்கியோடு பரணில் ஏறுவது இப்போது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் பரண் போய்விடவில்லை. மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டில் புத்த பூர்ணிமா இரவன்று நீர்நிலைகளுக்கு எதிரே பரண் போட்டிருப்பார்கள். முன்பதிவு செய்தவர்கள் மாலையிலேயே ஏறி, நோட்டும் பேனாவுமாக, நிலா வெளிச்சத்தில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளை எண்ணிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். போனை சைலன்ட்டில் போடச் சொல்வார்கள்.